பச்சை வராத லேசர்

கண்ணுக்குத் தெரிகிற எதையாவது படித்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பல் வைத்தியர் பிடுங்கிய பல்லைக் காட்டலாம். எஞ்சினியர் கட்டிய பாலத்தைக் காட்டலாம். (அது இடிந்து விழுந்துவிட்டால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டலாம்.) நான் படித்தது ஒளி. "ஒளி கண்ணுக்குத் தெரியும்தானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். என் கெட்ட காலம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

அக்குறணையில் எங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய், பௌதிகவியல் படித்து, லேசரில் ஆராய்ச்சி செய்யத் துணிந்த முதல் ஆள் நான். செய்தி பரவிய அந்த வாரமே பெரியும்மா வீட்டுக்கு வந்துவிட்டா.

"ஃபஸ்மினா மகள், எங்கட இவருக்குக் கிட்னியில கல்லு ஈக்குது. ஒங்கட மெஷினால ஒடச்சித் தருவீங்களா?"

அது வேறு லேசர் என்றேன். அப்படியானால் கண்ணில் பூ விழுந்ததை எடுக்கிற லேசரா என்றா. அதுவும் இல்லை என்றேன். கல்யாண மண்டபத்தில் மேலே சுற்றுகிற கலர் வெளிச்சமா என்று கேட்டா. அதுவும் இல்லை. "அப்ப என்னத்துக்கு மகள் இவ்வளவு படிப்பு?" என்று இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டா.

என் ஆராய்ச்சி இதுதான். சிவப்புக்கும் கீழே, கண்ணுக்கே தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. செங்கீழ்க் கதிர். அந்த லேசர் கதிரைச் சில வகைப் பளிங்குகளுக்குள் அனுப்பினால் மறுபக்கம் பச்சை வெளிச்சமாக வரும். நேரிலிப் பளிங்கு என்று பெயர். உள்ளே போகிற ஒளித்துணிக்கைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றாகி, சக்தி இரட்டித்து, நிறம் மாறி வெளியே வரும். இதை நான் உம்மாவின் தம்பி நஸீர் மாமாவுக்கு ஒரு நாள் ஆர்வத்தோடு விளக்கினேன். மாமா அக்குறணையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். கவனமாகக் கேட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு உள்ளுக்குப் போயி ஒண்டுதான் வெளிய வருதா? நட்டம்தானே மகள்?" என்றார்.

நான் அன்றோடு விளக்குவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தப் பளிங்குக்கு ஒரு குணம் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பிகு பிடித்தது. கொதிநீரைவிடக் கூடிய ஒரு குறிப்பிட்ட சூட்டில் வைத்தால்தான் பச்சை தரும். ஒரு பாகை குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சூட்டை அசையாமல் பிடித்து வைக்கிற சின்ன அடுப்புகள் வெளிநாட்டில் கிடைக்கும். நாங்களோ டொலர் இல்லாத காலத்தில் இருந்தோம். பால்மாவே வராத நாட்டுக்குப் பளிங்கு அடுப்பு எப்படி வரும்? என் மேற்பார்வையாளர் பேராசிரியர் யோகநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், பயந்த சுபாவம். "பிள்ளை, இருக்கிறதை வைச்சு ஏதும் செய்யேலுமோ எண்டு பாரும்," என்றார்.

இருந்தது மாமாவின் கடையில் பழுதாகிக் குவிந்து கிடந்த அயன் பெட்டிகள். ஒன்றைக் கொண்டுபோய்ப் பிரித்தேன். அதன் சூடேற்றும் தட்டை வெட்டி, பித்தளையில் ஒரு கூடு செய்து, சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு மின்சுற்று பின்னி, பல மாதம் அதோடு மல்லுக்கட்டி, நாலைந்து முறை கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு பிற்பகலில் இருட்டறைக்குள் மின்சார ஆளியைப் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. சூடு ஏற ஏற, திரையில் ஏதோ மங்கலாகப் பாசி படிந்த மாதிரி. பிறகு அது கூடிக் கூடி, மழைக்குப் பிறகு தேயிலைக் கொழுந்தில் வெயில் பட்ட மாதிரி ஒரு பச்சை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் நின்ற யோகநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வடிவாயிருக்குப் பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

அயன் தன்னுடையது என்பதால், அன்றிலிருந்து மாமாவும் விஞ்ஞானி ஆகிவிட்டார். கடைக்கு வருபவர்களிடம், "நானும் மருமகளும் ஒரு லேசர் செஞ்சீக்கோம்," என்று சொல்ல ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான் கண்டியில் வாவிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் புதிய கண்டுபிடிப்புகளுக்கான கண்காட்சி வந்தது. தெரிவானால் அடுப்புக்குக் காப்புரிமை எடுக்க உதவி கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் இருட்டறையை, பரீட்சைக் கதிரைகள் (நாற்காலிகள்தான், என் கதிர் இல்லை) அடுக்கி வைக்க நிர்வாகம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அறை போனால் ஆராய்ச்சியும் போச்சு, என் பட்டமும் போச்சு. "அமைச்சிலயிருந்து ஆரும் பெரியாள் வந்து பாராட்டிட்டுப் போனால் அறையில கை வைக்க மாட்டாங்கள்," என்றார் சேர்.

கண்காட்சி நாள் காலையில் சாமான்களை ஏற்ற மாமா தன் வேனோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வேனுக்குள் ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேன் நின்றது.

"இது என்னத்துக்கு மாமா?"

"ஹோல்ல சனம் வரும் மகள். வேர்க்கும். பெரிய ஆக்கள் வந்தா காத்துப் புடிக்க வாணாமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மடியில் பளிங்கை வைத்து, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே வழக்கமான வாகன நெரிசல். மாமா ஜன்னல் வழியாக நடைபாதை வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டு ஏதோ வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முறுக்கோ கடலையோ என்று நினைத்தேன்.

மண்டபத்தில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. கறுப்புத் திரை கட்டி உள்ளே இருட்டாக்கினோம். மேசையில் லேசர், பளிங்கு அடுப்பு, கடைசியில் ஒரு வெள்ளைத் திரை. எல்லாவற்றையும் ஒரு பெட்டி போட்டு மூடி, பாதுகாப்புக் கண்ணாடி பதித்த ஒரு ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கும்படி அமைத்திருந்தேன். அடுப்பின் சூடு வெளியேற, பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு, அதற்கு நேரே கறுப்புத் திரையிலும் ஒரு இடைவெளி. சூட்டைக் காட்டும் இலக்கம் என் கண்ணுக்கு நேரே. ஒத்திகை பார்த்தோம். பச்சை வந்தது. அருமையான பச்சை. சேர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டேன். மாமாவைத் திரைக்குப் பின்னால் ஒரு கதிரையில் உட்கார வைத்து, "மாமா, ஒண்டையும் தொட வாணாம். என்ன?" என்றேன்.

"நான் ஏன் மகள் தொடுறேன்?" என்றார். ஒரு சாமானையும் அவர் தொடவில்லை என்பது உண்மைதான்.

வெளியே மேளச் சத்தம் கேட்டது. பிரதம அதிதி வந்துவிட்டார். அமைச்சின் உயர் அதிகாரி, சிங்களவர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, பின்னால் ஒரு கூட்டம். தேங்காய் துருவும் மெஷினையும், தானாக மூடுகிற குடையையும் பார்த்துப் பாராட்டிவிட்டு எங்கள் திரைக்குள் வந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே போகும், பளிங்கு அதைப் பச்சையாக மாற்றும், அந்த அடுப்பு முழுக்க இங்கேயே செய்தது. அவர் உண்மையிலேயே ஆர்வமாகத் தலையாட்டினார். குனிந்து ஜன்னலில் கண்ணை வைத்தார். நான் ஆளியைப் போட்டேன்.

இருட்டு.

அவர் பொறுமையாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரை, வெளுத்த வேட்டி மாதிரி, ஒரு கறையும் இல்லாமல் சுத்தமாக இருந்தது.

"கோ எளிய?" என்றார் அவர்.

வெளிச்சம் எங்கே என்று கேட்கிறார். தமிழில் 'எளிய' என்றால் சுலபமானது. அன்றைக்கு அந்த மேசையில் இரண்டு மொழி 'எளிய'வும் இல்லை.

இலக்கத்தைப் பார்த்தேன். சூடு சரியாகத்தான் இருந்தது. கண்ணாடிகளைத் திருகினேன். மின்சாரத்தைக் கூட்டினேன். இணைப்புகளை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. முதுகில் வியர்வை ஓடியது. (பின்னாலிருந்து குளுகுளுவென்று காற்று வேறு வந்தது. எங்கிருந்து என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.)

"லேசர் இருக்கிறது சேர்," என்றேன் சிங்களத்தில். "நன்றாக வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் சொன்னது விஞ்ஞான ரீதியாக முற்றிலும் உண்மை. உண்மையைச் சொல்லிப் பொய்காரியின் முகத்தோடு நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"பொறும் பிள்ளை, பொறும். நான் காட்டுறன்," என்று சேர் முன்னால் வந்தார். தெரியாத கதிரைக் காட்டுவதற்கென்று ஒரு அட்டை உண்டு. கதிர் பட்ட இடத்தில் அது மினுங்கும். அதைச் சேர் சட்டைப் பையில் வைத்திருந்தார். பதற்றத்தில் பெட்டியின் மூடியைத் தூக்கி, பைக்குள் கையை விட்டு, ஒரு அட்டையை எடுத்து, கதிருக்கு நேரே பிடித்தார்.

அது அவருடைய தேசிய அடையாள அட்டை.

அவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிய கை அது! அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் வந்து நின்றால், மூளையைக் கேட்காமலே கை அந்த அட்டையைத்தான் எடுக்கும். ஆனால் கதிருக்கு அதெல்லாம் தெரியுமா? அது நேராகப் போய் அட்டையிலிருந்த படத்தின் கறுப்புத் தலைமயிரில் பட்டது. உச்சியிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழும்பியது.

"சேர், ஐசி! ஐசி எரியுது!" என்று கத்தினேன். சேர் கையை இழுத்தார். பிளாஸ்டிக் கருகிய நாற்றம். பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் பிரதம அதிதிக்கு முன்னால் பாய்ந்து நின்றார். நான் மூடியைப் படாரென்று போட்டேன்.

அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்தார். படத்தில் இளம் யோகநாதனின் தலையில் ஒரு துளை. "அப்படியானால் இது அடையாள அட்டை எரிக்கிற மெஷினா?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா என்று இன்னும் தெரியவில்லை.

அந்தக் கணத்தில் அது நடந்தது. ஜன்னலுக்குள்ளே, வெள்ளைத் திரையில், பளிச்சென்று ஒரு பச்சைப் புள்ளி!

"ஆ! எளிய!" என்றார் அதிகாரி. கூட்டம் கை தட்டியது. சேர் கண்ணை மூடி ஏதோ கடவுளைக் கூப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அறை தப்பியது, பட்டம் தப்பியது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

புள்ளி ஆடியது.

என் கதிர் ஆடாது. இரும்புத் தட்டில் பூட்டி இறுக்கிய கதிர். இந்தப் புள்ளியோ திரையில் மெல்ல நடந்து போனது. ஓரத்துக்கு வந்தது. கொஞ்சம் தயங்கியது. பிறகு பெட்டியை விட்டே வெளியேறி, கறுப்புத் திரையில் ஏறி, இறங்கி, பிரதம அதிதியின் வெள்ளைச் சட்டையில், சரியாக நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

நெஞ்சில் லேசர் புள்ளி விழுந்தால் இந்த நாட்டில் யாரும் அதை விஞ்ஞானம் என்று நினைக்க மாட்டார்கள். பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒரே இழுவையில் கறுப்புத் திரையைக் கம்பியோடு பிடுங்கினார். பின்னால் நஸீர் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கை, பெட்டியின் பின்வெட்டுக்கு நேரே பேனா மாதிரியான ஒரு விளையாட்டு லேசரைப் பிடித்திருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வாங்கிய சாமான் முறுக்கு இல்லை, அது.

மாமா அசரவில்லை. சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார்: "கோபப்பட வேண்டாம் சேர். இதுவும் அதுவும் ஒரே சாமான்தான்."

அதிகாரி சேரின் பக்கம் திரும்பினார். "உண்மையா பேராசிரியர்? அதே சாமானா?"

யோகநாதன் சேருக்குப் பொய் வராது. அதுதான் அவரிடமுள்ள ஒரே குறை. அந்த விளையாட்டுப் பேனாவுக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் ஆரம்பிக்கிறது. உள்ளே ஒரு நுணுக்கமான நேரிலிப் பளிங்குதான் அதைப் பச்சையாக்குகிறது. மாமாவுக்கு அது தெரியாது. குருட்டாம்போக்கில் அடித்துவிட்டார். ஆனால் சேருக்குத் தெரியும்.

"ஓம்... அடிப்படை ஒண்டுதான்... ஆனால் சக்தி வேறை, பளிங்கு வேறை..." என்று சேர் மூன்று மொழியையும் கலந்து தடுமாறினார். 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

"அப்படியென்றால் இந்தப் பிள்ளை வருடக்கணக்காகச் செய்ததை, ரோட்டில் வாங்கலாம்?" என்றார் அதிகாரி.

"வாங்கலாம் சேர்," என்றார் மாமா பெருமையாக. "நான் இப்பத்தான் வாங்கினேன்."

பிரதம அதிதி அடையாள அட்டையைச் சேரிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார். அங்கே ஒருவர் வாழைக்காய் சீவும் மெஷின் வைத்திருந்தார். அதில் வாழைக்காய் போட்டால் சீவல் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லோரும் போனபின் மாமாவைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஸ்டாண்ட் ஃபேன், முழு வேகத்தில், பெட்டியின் வெட்டுக்கு நேரே சுழன்றுகொண்டிருந்தது.

"மாமா! இது எப்ப போட்டீங்க?"

"ஆக்கள் வார நேரம்தான். அந்த அயன் கொதிக்குது மகள்! நான் எத்தன அயன் எரிஞ்சி பாத்தீக்கேன். ஒங்கட சாமான் எரிஞ்சிருமோண்டு பயந்துதான் காத்துப் புடிச்சேன்."

சூட்டை அளக்கும் கம்பியை நான் அயன் தட்டில் பொருத்தியிருந்தேன். தட்டு சூடாகத்தான் இருந்தது. இலக்கமும் அதைத்தான் சொன்னது. தட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்த பளிங்கோ, மாமாவின் அன்பான காற்றில் குளிர்ந்து போயிருந்தது. நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். சற்று நேரத்தில், பிடுங்கிய திரையும் கவிழ்ந்த கதிரையுமாகக் கிடந்த அந்த மூலையில், பச்சை வந்தது. காலையில் வந்ததைவிட அழகாக.

"இந்தா, வந்தீக்குதே!" என்றார் மாமா சந்தோஷமாக. "கொஞ்சம் பொறுத்திருந்தா சரி. ஒங்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

நான் குனிந்து கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தேன். பேசினால் குடும்பம் உடைந்திருக்கும்.

பரிசு கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கிடைத்தது. அமைப்பாளர்களிடம் மாமா எங்கள் கண்டுபிடிப்பை அயன் என்றே அறிமுகப்படுத்தியிருந்ததால், 'வீட்டு மின்சாதனப் பிரிவில்' ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை மாமா கடையில் சட்டம் போட்டு மாட்டினார். புது அடையாள அட்டை எடுக்க, பழையது எப்படிப் பழுதானது என்று பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன சேர், அரை நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். "லேசர் பட்டது எண்டு சொன்னன் பிள்ளை. எந்த ஆஸ்பத்திரியில எண்டு கேட்டாங்கள்," என்றார். எங்கள் இருட்டறைக்குள் கதிரைகள் வந்தே விட்டன. பாதி அறைக்குக் கதிரை, மீதிப் பாதிக்கு நாங்கள். அந்தக் கதிரைகளுக்கு நடுவே கூனிக் குறுகி உட்கார்ந்து, அளக்கும் கம்பியைப் பளிங்கோடு ஒட்டி, அடுப்புக்குக் காற்றுப் புகாத மூடி செய்து, புதிதாக ஒன்று கட்டினேன். எந்தப் புயலிலும் அசையாத அடுப்பு. காப்புரிமை அதற்குத்தான் கிடைத்தது. விண்ணப்பத்தில் 'எதிர்பாராத காற்றோட்டத்திலிருந்து பாதுகாப்பு' என்று எழுதினேன். எதிர்பாராத காற்றோட்டத்தின் பெயரை எழுதவில்லை.

ஆனால் குடும்பம் காப்புரிமையை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. மாமா போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். தம்பி பரீட்சைக்குப் படித்துவிட்டதாகச் சொன்னால், வாப்பா, "ஓ, ஃபஸ்மினாட லேசர் மாதிரி," என்பார். இருக்கிறதாம், கண்ணுக்குத்தான் தெரியாதாம். ஒரு தொகுதி வேட்பாளரின் வாக்குறுதிக்கும், கடன் வாங்கியவர் சொன்ன நாளைக்கும் அதே பேர்தான். நான் கோபப்பட்டுப் பார்த்தேன், விளக்கிப் பார்த்தேன், கடைசியில் விட்டுவிட்டேன்.

போன மாதம் திகனவில் ஒரு கல்யாணம். பெண்கள் பக்கத்தில், பலர் ஒன்றாகச் சாப்பிடுகிற ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லோரும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். எனக்கு எதிரே இருந்த பெண் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளறிப் பார்த்தா. கோழியைக் காணவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு, "கோழி ஈக்குது, ஃபஸ்மினாட லேசர் போல," என்றா.

எனக்குக் கவளம் தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, மெல்ல, "அது ஆரு ராத்தா, ஃபஸ்மினா?" என்று கேட்டேன்.

அவ தோளைக் குலுக்கினா. "ஆருக்குத் தெரியும்? அது சும்மா ஒரு பழமொழி. அந்தக் காலத்து ஆக்கள் செல்றது."